அளந்ததை எழுதுங்கள்

(கல்லூரியில் சேரவிருக்கும் மாணவர்களுக்காகக் கிருஷ்ணகிரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் தங்கள் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் விருப்பப்படி நன்றியை மட்டும் தெரிவித்துவிட்டுப் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். முன்வரிசைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பேச்சு, பிளஸ் டூ முடித்துவிட்டு அப்பா அம்மாவோடு பின்வரிசைகளில் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கானது.

மற்ற மாவட்டங்களில் இந்த மாதத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி, எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்பது. நம் மாவட்டத்தில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: கல்லூரியா, கம்பெனியா? மே மாதம் தேர்வு முடிவு வருகிறது. மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டும் அதே வாரங்களில், மத்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், இராயக்கோட்டை என்று ஊர் ஊராகக் கம்பெனி வேன்களும் வருகின்றன. பதினெட்டு வயது நிறைந்திருந்தால் போதும். அடுத்த மாதமே சம்பளம். வாசலுக்கே வருகிற வேலையை விட்டுவிட்டு, மூன்று நான்கு வருடம் பணம் கட்டிப் படிக்கப் போவது எதற்கு என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை மதித்துப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இங்குள்ள ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதனால் கம்பெனியைப் பேயாகவும் கல்லூரியைக் கோயிலாகவும் காட்ட என்னால் முடியாது. வேலைக்குப் போகிற பிள்ளையைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. அந்தச் சம்பளத்தில் அக்கா கல்யாணக் கடன் அடைந்த வீடுகள் இருக்கின்றன. தம்பி படித்து மேலே வந்த வீடுகள் இருக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டை வரும் முன் இந்த மண் எப்படி இருந்தது என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். மானாவாரி ராகியும் கொள்ளும் போக, வறட்சி வந்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதுதான் வழி. 1980இல் ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் 50 மொபெட்டும் வந்தன. 1984இல் டாடா நிறுவனமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அன்றைய தருமபுரி மாவட்டப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்துத்தான் அங்கே கைக்கடிகாரம் செய்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. அதை மறந்துவிட்டுப் பேசுவது நன்றி கெட்ட பேச்சு.

ஆனால் அன்று கிடைத்த வேலையும் இன்று வேன் வைத்து அழைக்கும் வேலையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியானவை அல்ல. கையெழுத்துப் போடும் முன் வேலை ஒப்பந்தத் தாளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். உங்களை வேலைக்கு எடுப்பது கம்பெனியா, ஒப்பந்ததாரரா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா? தாளில் ‘டிரெய்னி’ என்று இருக்கிறதா, ‘அப்ரண்டிஸ்’ என்று இருக்கிறதா? 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பயிற்சியில் இருப்பவர் பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்லர். பயிற்சி முடிந்ததும் அவரை வேலையில் வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. இருபது வயதில் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு, அடுத்த வேனில் மறுபடியும் முதல் நாள் சம்பளத்தில் ஏறுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் தெரியாது. அந்த இரண்டு வருடத்தில் அவர் ஓடிய வேகம் அத்தனையும் ஒரே ஒரு வேலையின் வேகம்.

இங்கேதான் கல்லூரி எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் தொடங்குகிறது. பட்டம் வாங்கினால் சம்பளம் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள்; அது சில நேரம் உண்மை, சில நேரம் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. இயந்திரம் மாறும். மாறாமல் இருந்ததே இல்லை. மாறும் நாளில், பழைய இயந்திரம் ஏன் ஓடியது என்று தெரிந்தவருக்குப் புதியது பிடிபடும்; எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் தெரிந்தவருக்குப் பிடிபடாது. காரணம் தெரிந்துகொள்வதற்கென்று வாழ்க்கை உங்களுக்கு ஒதுக்கித் தரும் நேரம் இந்த மூன்று நான்கு வருடங்கள்தான். பிறகு அப்படி ஒரு நேரம் வருவது கடினம். ஷிஃப்ட்டில் நிற்கும்போது ‘ஏன்’ என்று கேட்டால் லைன் நின்றுவிடும்.

நம் எல்லையிலேயே நடந்த கதை ஒன்று. பெங்களூரு ஜாலஹள்ளியில் மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. வேலை கிடைத்த பிள்ளைக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் எச்.எம்.டி. வாட்ச் கட்டிவிட்ட காலம் ஒன்று இருந்தது. அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் ஓசூர். இங்கே டைட்டன், பெரும்பாலும் குவார்ட்ஸ் கடிகாரங்களை நம்பி இறங்கியது. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் ஒரு சிறு சக்கரம் முன்னும் பின்னும் ஆடுகிறது. பல கடிகாரங்களில் அது நொடிக்கு ஐந்து தட்டு தட்டும். குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு படிகத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போங்கள். பதினைந்தாவது அடுக்கில் 32,768 வரும். அதனால் ஒரு சிறு மின்சுற்று அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். முள் ஒரு எட்டு வைக்கும். உங்கள் பிளஸ் ஒன் கணக்கும் பிளஸ் டூ இயற்பியலும் சேர்ந்து அந்தச் சின்ன வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது. ஆனால் காலம் அதைத் தாண்டிப் போய்விட்டது. 2016இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. நிர்வாகம், விலை, போட்டி என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. எனக்குக் கவலை கொடுத்தது அங்கிருந்த கைகள். சக்கரத்தின் ஆட்டத்தையும் படிகத்தின் ஆட்டத்தையும் ஒரே பாடமாகப் படித்திருந்தவருக்கு அந்த மாற்றம் ஒரு புது அத்தியாயம். மற்றவருக்கு அது முற்றுப்புள்ளி.

இன்னும் அண்மையில் வாருங்கள். 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. அதோடு நம் இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து ‘ஏர் ஸ்க்ரூ’வைக் காதால் கேட்டே ட்யூன் செய்யும் மெக்கானிக்குகள் ஓசூர் பாகலூர் சாலையிலும் இங்கே சேலம் சாலையிலும் எத்தனை பேர் இருந்தார்கள்! அபாரமான கைத்திறன். ஆனால் அந்த ஸ்க்ரூ ஏன் அங்கே இருந்தது? ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த விகிதத்தைப் பிடிக்கத்தான். புதிய வண்டியில் அதே வேலையைப் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரும் ஒரு சிறு கணினியும் செய்கின்றன. விகிதம் தெரிந்த மெக்கானிக் ஸ்கேனரை வாங்கி வைத்துக்கொண்டார். ஸ்க்ரூ மட்டும் தெரிந்தவர் கடையை மூடிவிட்டார். அதே ஆண்டு டிவிஎஸ் தன் மின்சார ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. அடுத்து ஏத்தரும் ஓசூருக்கு வந்தது. 2021இல் போச்சம்பள்ளியில் ஓலா ஆலை எழுந்தது. இந்த வண்டிகளில் எரிக்கக் காற்றும் இல்லை, பெட்ரோலும் இல்லை. மின்னோட்டம் செல்லும் கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்தில் காந்தம் சுழல்கிறது. பிரேக் பிடித்தால் அதே மோட்டார் மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. ஃபாரடே விதி என்று பொதுத்தேர்வுக்கு மனப்பாடம் செய்தீர்களே, அதுதான் உங்கள் மாவட்டத்தில் வரிசை வரிசையாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. உத்தனப்பள்ளிப் பக்கம் செல்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலைக்குப் போய் வருகிற அக்காக்களைக் கேட்டால் அலுமினியம், பாலிஷ், கலர் என்று பேசுவார்கள். அலுமினியத்தில் நிறம் பிடிக்கும் படலத்தை உண்டாக்கும் அனோடைசிங் முறை உங்கள் வேதியியல் பாடத்தில் வந்த மின்னாற்பகுப்பேதான்.

சரி, காரணம் தெரிந்துகொள்வது எப்படி? வகுப்பில் மட்டும் அது வராது. ஆய்வகத்தில் வரும். ஆய்வகம் என்றதும் என் துறையிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன்.

முதலாண்டு மாணவர் கையில் ஒரு மைக்ரோமீட்டரைக் கொடுப்பேன். கூடவே 12 மில்லிமீட்டர் என்று பெயர்போட்ட ஓர் எஃகு உருளை. மைக்ரோமீட்டரின் கைப்பிடி உருளையைச் சுற்றி ஐம்பது கோடுகள் இருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு அளக்கும் தண்டு அரை மில்லிமீட்டர் நகரும். ஆக ஒரு கோடு என்பது 0.01 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி அதைப்போல் ஐந்தாறு மடங்குக்கு மேல் தடிமன் என்று சொல்லலாம். மாணவர் உருளையை வைத்துத் திருகுவார். 11.94 என்று காட்டும். இன்னொரு முறை அளக்கச் சொல்வேன், 11.98. மூன்றாவது முறை 11.97. முகம் வாடிவிடும். “எது சார் சரி?” என்பார். முதல்முறை அவர் முனையில் இருக்கும் ராட்செட்டை விட்டுவிட்டுக் கைப்பிடியையே இறுக்கித் திருகியிருப்பார். அந்த அழுத்தத்தில்தான் அளவு குறைந்திருக்கும். ராட்செட்டைப் பிடித்து, ‘டிக் டிக்’ என்று வழுக்கும்வரை திருகினால் எல்லோர் கைக்கும் ஒரே அழுத்தம் வரும். அடுத்து, எதையும் வைக்காமல் மூடிப் பார்க்கச் சொல்வேன். பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா? நிற்காவிட்டால் அந்தப் பிழையைக் கழிக்க வேண்டும். ஒருமுறை ஒரு மாணவி, காலையில் எடுத்த அளவுக்கும் மதியம் எடுத்த அளவுக்கும் வித்தியாசம் வருகிறதே என்று கேட்டாள். அவள் வைத்திருந்தது நீளமான துண்டு. ஓசூரின் மார்கழிக் குளிரில் காலை வெப்பம் மதியத்தைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குறைந்திருக்கும்; வெயில் ஏறிய பின் மைக்ரோமீட்டரைவிட அந்தத் துண்டு அதிகம் சூடேறியிருந்தது. 100 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். மைக்ரோமீட்டரில் ஒரு கோடு. உலகம் முழுவதும் நீள அளவுகளுக்கு 20 டிகிரியைப் பொது வெப்பநிலையாக வைத்திருப்பதன் காரணம் அன்று அவளுக்குத் தானாகவே விளங்கியது. நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அது அப்படி விளங்கியிருக்காது.

இப்போது நான் மிகவும் வருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வகுப்பிலேயே பலர் 11.94, 11.98, 11.97 என்று எழுத மாட்டார்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டைத் திறந்து 12.00, 12.00, 11.99 என்று அழகாக எழுதிவிடுவார்கள். சில இடங்களில் அப்படி எழுதினால்தான் மதிப்பெண் என்ற பழக்கமும் இருக்கிறது. அதற்கு ஆசிரியர்களாகிய நாங்கள்தான் பொறுப்பு. நீங்கள் சேரப்போகும் கல்லூரியிலும் யாராவது முதல் வாரமே சொல்வார்கள்: “ரெக்கார்டெல்லாம் அண்ணன்கிட்ட வாங்கி எழுதிக்கடா.” தயவுசெய்து எழுதாதீர்கள். பார்த்த அளவை எழுதுங்கள். தப்பாக வந்தால் தப்பாகவே எழுதி, ஏன் தப்பு என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரிதான் படிப்பு. இந்தப் பகுதியில் படிக்கும் உங்களுக்கு இது வேறு எவரையும்விட முக்கியம். நாளை நீங்கள் ஒரு ஆலையின் தரப் பரிசோதனை மேசையில் உட்காருவீர்கள். பிரேக் பாகம் ஒன்றின் அளவு வரம்புக்கு வெளியே காட்டும். ஷிஃப்ட் முடியும் நேரம், லாரி காத்திருக்கும். பதினெட்டு வயதிலிருந்து 12.00 என்று எழுதிப் பழகிய கை, அன்றும் 12.00 என்றே எழுதும். அந்த வண்டியில் யாரோ ஒருவர் தன் குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்குவார்.

பொறியியல் பற்றியே பேசுகிறேனே என்று கலை அறிவியல் படிக்கப் போகிறவர்கள் நினைக்க வேண்டாம். கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் வெள்ளை நுரை மலை மலையாகப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தென்பெண்ணை நந்தி மலைப் பகுதியில் பிறந்து பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீரையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு நம் எல்லைக்குள் வருகிறது. சோப்புத்தூளில் இருக்கும் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் அதில் கலந்திருக்கின்றன. மதகிலிருந்து விழும் வேகத்தில் காற்று உள்ளே சிக்கி நுரையாகிறது. பி.எஸ்சி. வேதியியல் மாணவர் ஒருவர் ஒரு பாட்டிலில் அந்த நீரை எடுத்துவந்து, கல்லூரி ஆய்வகத்தில் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு என்று மாதாமாதம் அளந்து, தேதியோடு மூன்று வருடம் எழுதி வைத்தால் அது எவ்வளவு பெரிய ஆவணம்! நுரை வந்து பயிர்மேல் படிகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும் விவசாயிக்குத் துணையாக நிற்கும் தாள் அது. அதிலும் அதே விதிதான்: அளந்ததை எழுத வேண்டும், கோபத்தில் கூட்டியும் எழுதக் கூடாது.

வரலாறு எடுத்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பர்கூருக்குப் பக்கத்தில் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே அகழாய்வில் கிடைத்த மாதிரிகளை ரேடியோகார்பன் முறையில் கணித்தபோது பொ.ஆ.மு. 2172 என்ற காலம் வந்தது. 2022இல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அதை அறிவித்தார். ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு பயன்பாட்டில் இருந்திருக்கிறது. கார்பன் 14 அணுக்களில் பாதி சிதைய 5,730 ஆண்டு ஆகும் என்ற இயற்பியல் இல்லாமல் அந்த வரலாறு இல்லை. எந்த அடுக்கில் எந்தப் பொருள் கிடந்தது என்று குழிக்குள் உட்கார்ந்து பொறுமையாகக் குறித்து வைத்தவர்களின் நோட்டு இல்லாமல் அந்தக் கணிப்புக்கு அர்த்தமும் இல்லை. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் எழுத வேண்டிய ஆய்வேடுகள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன.

மொழி பற்றிச் சொல்லாமல் போனால் ஓசூர் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்தவனாவேன். இந்தக் கூட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறீர்கள். கன்னடம், உருது பேசுகிறவர்கள் இருக்கிறீர்கள். தெலுங்கு வழி, கன்னட வழி அரசுப் பள்ளிகளில் படித்து வந்தவர்களும் உண்டு. முதல் செமஸ்டரில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் ஓடும்போது, நமக்கு எதுவும் தெரியாது என்ற எண்ணம் நெஞ்சை அடைக்கும். ஆங்கிலம் தெரியாததும் பாடம் தெரியாததும் வேறு வேறு என்பதை அந்த நாளில் யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல பலன் கண்ட ஒரு வழி இருக்கிறது. நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ஆசிரியர் சொன்ன ஆங்கில வரி. வலப்பக்கம் அன்று இரவே அது என்ன என்று உங்கள் வீட்டு மொழியில், உங்கள் தங்கைக்குச் சொல்வதுபோல. வலப்பக்கம் எழுத வராவிட்டால் பாடம் புரியவில்லை என்று தெரிந்துவிடும். மறுநாள் போய்க் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். மூன்று மாதத்தில் இடப்பக்க வரிகள் தானாகவே வாயில் வரும். நான்கு மொழி காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைக்கு ஐந்தாவது மொழி ஒரு சுவராகவே இருக்க முடியாது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து பக்கத்து மெஷினில் நிற்பவரோடு நாளை பேசப் போகிறவரும் நீங்கள்தான்.

இனிச் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இவை சிறியவை, ஆனால் தவறவிட்டால் பெரிய இழப்பு.

எல்லை தாண்டிப் படிக்கப் போவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ஓசூர் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குத்தான் போனார். அதன் பிறகே சட்டம் படிக்கச் சென்னை. அன்று இங்கே கல்லூரி இல்லை. இன்று ஓசூரில் அதியமான் பொறியியல் கல்லூரி 1987 முதலும், பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி 1994 முதலும் இருக்கின்றன. அரசுக் கலைக் கல்லூரிகளும் பாலிடெக்னிக்கும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டியதும் எத்தனையோ கல்லூரிப் பலகைகள் தெரியும். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் வீட்டுக்கே வந்து “நாளைக்குள் சீட்டுப் போய்விடும், முன்பணம் கட்டுங்கள்” என்று அவசரப்படுத்தும் தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, தமிழ்நாட்டின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக வருவது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அப்படியே; அதில் பொறியியலில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவற்றைக் கணக்குப் போடாமல் எல்லை தாண்டினால், நான்கு வருடத்தில் ஒரு வீடு கட்டும் பணம் போய்விடும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, பெண்களென்றால் புதுமைப் பெண், ஆண்களென்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சேர்ந்த முதல் மாதமே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்; வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கல்விக் கடன் 4 லட்சம் வரை என்றால் சொத்துப் பிணை கேட்கும் முறை இல்லை. வங்கிக்காரர் கேட்டால் பணிவாக, ஆனால் எழுத்தில், காரணம் கேளுங்கள்.

அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது. ஆனால் முதல் செமஸ்டர் அரியரை மூன்றாம் செமஸ்டர் வரை தள்ளாதீர்கள். பெரும்பாலும் கணக்கில்தான் விழும். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருங்கள், நுண்கணிதப் பாடம் இருக்கும் தொகுதியையாவது. ராகிங் என்ற பெயரில் யார் எது செய்தாலும் சகித்துக்கொள்ள வேண்டாம். 1997 முதல் தமிழ்நாட்டில் அது தனிச் சட்டப்படி குற்றம். யு.ஜி.சி.யின் இலவச எண் 1800-180-5522.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைத் திருமணங்களை இன்றும் தேடித் தேடித் தடுத்துக்கொண்டிருக்கும் மாவட்டம் இது. பதினெட்டு முடிந்துவிட்டது, சட்டப்படி சரி என்று இந்த ஆவணியிலேயே நாள் குறிக்காதீர்கள். கல்லூரி வாசல் வரை வந்த பெண்ணை மண்டபத்துக்குத் திருப்புவது, அவள் பன்னிரண்டு வருடம் நடந்த தூரத்தை அழிப்பது. பிள்ளைகளே, உங்கள் தோழி ஒருத்திக்கு, பதினெட்டு நிறையாதவளுக்கு, அப்படி ஏற்பாடு நடப்பது தெரிந்தால் 1098க்குப் பேசுங்கள். பேசியவர் பெயர் வெளியே வராது.

கடைசியாக, இந்த அரங்கில் இல்லாதவர்களைப் பற்றி. உங்களோடு பத்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இன்று காலை ஷிஃப்ட்டுக்கு வேன் ஏறிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்லூரிக் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாக யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். கம்பெனியானாலும் ஒப்பந்ததாரரானாலும் சரிபார்க்க நகல் போதும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்களுக்காகவே இருக்கின்றன. பிளஸ் டூவில் அறிவியலும் கணக்கும் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியலிலும் அப்படியே நேரடி இரண்டாம் ஆண்டு. ஒரு வருடம் சம்பாதித்துச் சேமித்துவிட்டு அடுத்த ஜூனில் வந்து சேர்ந்தவர்கள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் அவர்கள் கேட்கும் கேள்வியே தனி. கையால் தொட்டுவிட்டு வந்த கேள்வி. அரசுக் கலைக் கல்லூரிகளின் விண்ணப்பத்துக்கும் பாலிடெக்னிக் நேரடிச் சேர்க்கைக்கும் கடைசித் தேதி என்ன என்று நீங்கள் பார்க்கும்போது, அதை உங்கள் தெருவில் வேன் ஏறுகிற அந்தத் தோழருக்கும் தோழிக்கும் ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள்.